மாடு, ஆடு, நாய், பூனை கண்ணுல பிரச்சனையா? டிராப்ஸ் ஊத்துறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு முழு வழிகாட்டி

மாட்டுக்கு கண்ணுல தண்ணி ஊத்துது, நாய்க்கு கண்ணு செவந்திருக்கு, என்ன டிராப்ஸ் போடலாம்னு கேட்டு போட்டோ அனுப்புறவங்கதான் ஜாஸ்தி. போட்டோவ பாத்து மருந்து சொல்ல முடியாதுங்க, ஏன்னா செவப்பு, தண்ணி, கண்ண மூடிக்கிறது இந்த மூணும் கிட்டத்தட்ட எல்லா கண் நோய்லயும் வரும், தூசி விழுந்தாலும் அதேதான், கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை போயிட்டு இருந்தாலும் வெளிய தெரியுறது அதேதான். ஆனா மருந்து ஒண்ணுக்கு ஒண்ணு நேர் எதிர். ஒண்ணுக்கு உயிர் குடுக்குற டிராப்ஸ் இன்னொண்ணுல கண்ணையே கரைச்சிடும்.

கரைச்சிடும்னு சும்மா சொல்லல. மெடிக்கல் ஷாப்ல கேட்ட உடனே எடுத்து குடுக்குற கண் டிராப்ஸ் நெறையதுல ஆன்ட்டிபயாட்டிக்கோட டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன்னு ஏதாவது ஒரு ஸ்டீராய்டு கலந்திருக்கும். கருவிழியில (கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்குற தெளிவான படலம்) புண் இல்லன்னா பரவால்ல, புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விழுந்தா ஆறுறது நின்னு போகும், கிருமி பெருகும், கருவிழி ஜவ்வு ஜவ்வா உருகி ஓட்டை விழுற வரைக்கும் போகும். இதுல கொடுமை என்னன்னா முதல் நாள் செவப்பு கொறையும், வலியும் கொஞ்சம் அடங்கும், ஆஹா மருந்து வேலை செய்யுதுன்னு தொடர்ந்து போடுவாங்க. அதனால கீழ சொல்ற மொத்த பரிசோதனையும் ஒரே ஒரு கேள்விய சுத்திதான்: கருவிழியில புண் இருக்கா இல்லையா. அது தெரியாம ஸ்டீராய்டு கிட்டயே போகாதீங்க. வீட்ல ஏற்கனவே டிராப்ஸ் இருந்தா லேபிள்ல மேல சொன்ன பேர் இருக்கான்னு இப்பவே பாத்துடுங்க.

முதல்ல தள்ளி நின்னு பாருங்க

புடிச்சு கட்டி இமைய பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க. ஒரு கண்ணா ரெண்டு கண்ணா? ஒரு கண்ணுல மட்டும்னா அடி, முள்ளு, நெல் சுணை, சோளத்தட்டை குத்துனது இந்த மாதிரி இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு கண்ணும்னா உடம்புக்குள்ள ஏதோ நோய், இல்ல தொத்து, இல்ல சத்துக்குறை. மந்தையில மத்ததுக்கும் இருக்கா, ஈ தொல்லை எப்படி, காய்ச்சல் இருக்கா, தீனி எடுக்குதா, கடைசியா என்ன தீவனம் மாத்துனீங்க, இதெல்லாம் கண்ண தொடாமயே தெரிஞ்சிடும்.

பீளையோட நிறமும் கதை சொல்லும். தெளிவா தண்ணியா ஓடுனா உறுத்தல், வலி. மஞ்சளா பச்சையா கெட்டியா வந்தா கிருமி சேந்திருக்கு. நாய்க்கு கோந்து மாதிரி இழுத்து கருவிழி மேலயே ஒட்டிக்கிட்டு தினமும் தொடச்சாலும் திரும்ப வருதுன்னா, அது பெரும்பாலும் இன்ஃபெக்ஷன் இல்ல, கண்ணீர் சுரக்காத கண். அதுக்கு பின்னாடி வரேன்.

பார்வை இருக்கான்னு பாக்குறது

கைய கண்ணுக்கு நேரா கொண்டு போனா இமைக்கணும். காத்து படாம, மீசை முடிய தொடாம செய்யுங்க, காத்து பட்டா குருட்டு கண்ணும் இமைக்கும். நாய்க்குட்டிக்கு ரெண்டரை மூணு மாசம் வரைக்கும் இந்த இமைப்பு வராது, அது பழகி வர்ற விஷயம், அதனால குட்டி இமைக்கலன்னு பயந்துடாதீங்க. பஞ்சு உருண்டைய கண் முன்னாடி கீழ விடுங்க, சத்தம் வராதுல்ல, பார்வை இருந்தா கண்ணு அது பின்னாடி போகும். வெளிச்சத்துல ஒரு தடவை, சாயங்கால மங்கல்ல ஒரு தடவை நடக்க விட்டு பாருங்க.

அடுத்தது டார்ச். வெளிச்சம் அடிச்சா கண் பாப்பா (கண்ணு நடுவுல இருக்குற கருப்பு ஓட்டை) சுருங்கணும். இங்க ஒரு முக்கியமான விஷயம், மாடு கண்ணு தெரியாம முட்டிக்கிட்டு நிக்குது, ஆனா டார்ச் அடிச்சா பாப்பா நல்லா சுருங்குதுன்னா கோளாறு கண்ணுல இல்ல, மூளையில. கன்னுக்குட்டி, ஆட்டுக்கு தயமின் (வைட்டமின் பி1) சத்து கொறைஞ்சு மூளை வீங்குனா இப்படித்தான் வரும், தலைய மேல தூக்கி வானத்த பாக்குற மாதிரி நிக்கும், பல்ல கடிக்கும், வலிப்பு வரும். தானியம் திடீர்னு ஜாஸ்தியா தின்ன ஆடு மாட்டுல இது வரும். டிராப்ஸ் ஊத்திக்கிட்டு இருந்தா உயிரே போயிடும். உடனே டாக்டர் வந்து தயமின் ஊசி போட்டா (கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்குல) பல கேஸ்ல பார்வை திரும்ப வந்துடும். ஈயம் கலந்த பெயின்ட், பழைய பேட்டரி நக்குன மாட்டுக்கும் இதே மாதிரி வரும், அதனால கட்டுத்தறி பக்கம் என்ன கெடக்குன்னும் பாருங்க.

புடிக்கிறது எப்படி

மாட்டுக்கு தலைக்கயிறு போட்டு ஒரு பக்கமா இழுத்து கட்டுங்க, மூக்கணாங்கயிற மட்டும் நம்பி இழுக்காதீங்க, வலியில தலைய ஒதறும். மூஞ்சிய மேல தூக்கி திருப்புனா கண்ணு முழி கீழ உருளும், அப்ப மேல் பக்க வெள்ளை முழி நல்லா தெரியும். நாய்னா சின்னத மடியில வெச்சு, ஆனா கழுத்த இறுக்காதீங்க, கழுத்துப்பட்டைய புடிச்சு இழுத்தாலே கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும், ஆழமான புண் இருந்தா அந்த பிரஷர்லயே வெடிச்சிடும். பக் நாய், ஷிட்சூ மாதிரி முழி பிதுங்குன ஜாதிக்கு கழுத்து பின்தோல இறுக்கி புடிச்சா முழியே வெளிய வந்துடும், நெஜமாவே.

பரிசோதனை வரிசை, இத மாத்தாதீங்க

எது முன்னாடி எது பின்னாடின்னு ஒரு கணக்கு இருக்கு, ஏன்னா ஒண்ணு செஞ்சா இன்னொண்ணோட ரிசல்ட்ட கெடுத்துடும். டாக்டர்கிட்ட போனாலும் இந்த வரிசை தெரிஞ்சா நீங்க என்ன நடக்குதுன்னு புரிஞ்சு கேக்கலாம்.

முதல்ல கண்ணீர் அளவு. ஷிர்மர் பேப்பர்னு ஒரு சின்ன பட்டை, கீழ் இமைக்குள்ள ஒரு நிமிஷம் வெச்சு எவ்வளவு தூரம் நனையுதுன்னு பாப்பாங்க. நாய்க்கு 15 மில்லிமீட்டரும் அதுக்கு மேலயும் நார்மல், 10க்கு கீழ கோளாறு, 5க்கு கீழன்னா மோசம். கண்ண கழுவுறதுக்கு முன்னாடி, எந்த டிராப்ஸும் விடுறதுக்கு முன்னாடி இத செய்யணும், கழுவுன கண்ணுல வெச்சா கழுவுன தண்ணியத்தான் அளப்பீங்க.

அப்புறம் கழுவுறது. மெடிக்கல்ல கெடைக்குற நார்மல் சலைன் பாட்டிலே போதும், மஞ்சத்தண்ணி வேணாம்.

அதுக்கப்புறம் மரப்பு டிராப்ஸ் ஒரு சொட்டு விட்டு மூணாவது இமைக்கு (கண்ணோட உள் மூலையில மறைஞ்சிருக்குற ஜவ்வு இமை) பின்னாடி பாக்கணும். மேல் இமை வழியா முழிய லேசா அமுக்குனா உள் மூலையிலேர்ந்து அந்த இமை வெளிய வரும், நெல் சுணை, புல்லு விதை, புழு எல்லாம் ஒளிஞ்சிருக்குற எடம் அதுதான். கருவிழி ஓட்டை விழுற நெலமையில இருக்குன்னு சந்தேகம் இருந்தா முழிய அமுக்கவே கூடாது. அந்த மரப்பு டிராப்ஸ வீட்டுக்கு குடுங்கன்னு கேக்காதீங்க, வலி போகும்தான், ஆனா திரும்ப திரும்ப போட்டா கருவிழி மேல் தோல் ஆறவே ஆறாது.

இப்பதான் அந்த முக்கியமான டெஸ்ட், ஃப்ளோரசின் பட்டை. ஆரஞ்சு கலர் பேப்பர், விலை ரொம்ப கம்மி, சலைன்ல நனைச்சு கண்ணுல தொட்டுட்டு நல்லா கழுவி விடணும். மேல் தோல் உரிஞ்ச எடத்துல மட்டும் பச்சையா ஒட்டிக்கும், நீல லைட் அடிச்சா பளிச்சுன்னு தெரியும். பச்சை புடிச்சா புண் இருக்கு, ஸ்டீராய்டு கிடையாது, பேச்சே இல்ல. இதுல ஒரு பொறி இருக்கு. புண் ரொம்ப ஆழமா போய் கடைசி ஜவ்வு மட்டும் மிச்சம் இருந்தா நடுவுல சாயம் புடிக்காது, சுத்தி வளையமா மட்டும் புடிக்கும். நடுவுல தெளிவா இருக்கேன்னு விட்டா போச்சு, அதுதான் ஓட்டை விழப்போற கண்ணு, அன்னைக்கே ஆபரேஷன் கேஸ். இன்னொரு உபயோகம், அந்த சாயம் கொஞ்ச நேரத்துல மூக்கு வழியா வந்தா கண்ணீர் குழாய் அடைப்பு இல்லன்னு தெரிஞ்சுக்கலாம்.

கடைசியா பிரஷர். கண்ணுக்குள்ள இருக்குற பிரஷர் நாய்க்கு 10லேர்ந்து 25 mmHg வரைக்கும் நார்மல். கண்ணு செவந்து வலியோட இருக்கும்போது பாப்பா சின்னதா சுருங்கி, பிரஷர் கொறைவா இருந்தா உள் அழற்சி. பாப்பா விரிஞ்சு போய், பிரஷர் ஏறியிருந்தா கிளாக்கோமா. ரெண்டுக்கும் வைத்தியம் எதிர் எதிர். கிளாக்கோமால அட்ரோபின் விட்டா பிரஷர் இன்னும் ஏறும், அதனால பாப்பாவ விரிக்கிற எந்த மருந்தும் பிரஷர் பாத்த அப்புறம்தான்.

கண்ணுல பூ விழுந்துடுச்சுன்னா

நம்ம ஊர்ல வெள்ளையா எது தெரிஞ்சாலும் பூன்னு சொல்லிடுவாங்க, ஆனா நிறத்த கவனிச்சா நெறைய புரியும். நீலமா பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி கோத்திருக்கு, சரியாக வாய்ப்பு உண்டு. பளிச்சுன்னு வெள்ளையா ஓரம் தெளிவா இருந்தா ஆறுன தழும்பு, அதுக்கு என்ன ஊத்துனாலும் போகாது. மஞ்சளா இருந்தா சீழ், அவசரம். செவப்பு கோடு கோடா வந்தா ரத்தக்குழாய் வளந்து ஆத்த வருது. அந்த ரத்தக்குழாய் அடிபட்டு மூணுலேர்ந்து அஞ்சு நாள்ல கெளம்பும், அதுக்கு மேல ஒரு நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர் வளரும், அதனால 5 மில்லிமீட்டர் நீளம் இருந்தா குறைஞ்சது ஒரு வாரத்துக்கு மேல ஆன கேஸ். நேத்துதாங்க பாத்தேன்னு மாட்டுக்காரர் சொன்னாலும் கண்ணு பொய் சொல்லாது.

வயசான நாய்க்கு ரெண்டு கண்ணும் உள்ள நீல சாம்பலா தெரிஞ்சா உடனே கேட்டராக்ட்னு (கண் புரை) முடிவு பண்ணாதீங்க, ஏழெட்டு வயசுக்கு மேல லென்ஸ் இறுகி அப்படி தெரியும், பார்வை பெருசா போகாது. டார்ச் அடிச்சா உள்ள திரை மின்னுச்சுன்னா லென்ஸ் இறுகுனதுதான், மின்னாம மறைச்சுச்சுன்னா கேட்டராக்ட். கேட்டராக்ட்டுக்கு ஆபரேஷன் மட்டும்தான் வழி, டிராப்ஸ்ல கரையும்னு விக்கிறத நம்பாதீங்க. சுகர் வந்த நாய்க்கு கேட்டராக்ட் ரொம்ப வேகமா வரும், தண்ணி ஜாஸ்தியா குடிச்சு மெலிஞ்சுக்கிட்டே வந்தா சுகர் டெஸ்ட்டும் எடுங்க.

மாடு: தொத்து கண் நோய்

மொராக்செல்லா போவிஸ்னு ஒரு பாக்டீரியா. வெயில், தூசி, ஈ மூணும் சேரும்போது வரும், கன்னுக்குட்டிக்கு ஜாஸ்தி. முதல்ல தண்ணி கொட்டும், வெளிச்சம் பாக்க கூசும், ரெண்டு நாள்ல கருவிழிக்கு நடுவுல சின்ன வெள்ளை புள்ளி, அப்புறம் அது புண். நடுவுல ஆரம்பிக்குதுங்குறத மனசுல வெச்சுக்கோங்க. ஓரத்துலேர்ந்து நடுவ நோக்கி வெள்ளை வந்து, ரெண்டு கண்ணுலயும், கூடவே கடுமையான காய்ச்சல், மூக்குல சளி, வாய்ப்புண்ணும் இருந்தா அது செம்மறி ஆட்டுலேர்ந்து மாட்டுக்கு வர்ற வைரஸ் நோயா இருக்கலாம், அதுல மாடு பொழைக்கிறதே கஷ்டம்.

வைத்தியம் சீக்கிரம் ஆரம்பிச்சா சுலபம். நாள்பட வேலை செய்யுற ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி, கிலோவுக்கு 20 மில்லிகிராம், மூணு நாள் கழிச்சு தேவைப்பட்டா இன்னொண்ணு, இதுதான் வழக்கம். வெண்படலத்துக்கு (வெள்ளை முழிய மூடியிருக்குற மெல்லிசான ஜவ்வு) அடியில பென்சிலின் ஊசியும் டாக்டர் போடுவார். டிராப்ஸ் மாட்டுக்கு வேஸ்ட், கண்ணீரோட அஞ்சு நிமிஷத்துல வழிஞ்சிடும், ஆயின்மென்ட்தான் கொஞ்சம் நிக்கும். நெழல்ல கட்டுங்க, கண்ண மறைச்சு துணி ஒட்டுனா வெயிலும் ஈயும் படாது. மத்த மாட்டுலேர்ந்து பிரிச்சு வைங்க, நோயுள்ளத தொட்ட கையோட அடுத்தத தொடாதீங்க. ஊசி போட்ட பால எத்தன நாள் ஊத்தக்கூடாதுன்னு அப்பவே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க. குளோராம்பெனிக்கால் கலந்த மனுஷ டிராப்ஸ், ஆயின்மென்ட் பால் மாட்டுக்கு, கறி ஆட்டுக்கு போடவே கூடாது, தடை செஞ்ச மருந்து.

ஆட்டுக்கு பாக்க இதே மாதிரி இருந்தாலும் காரணம் வேற, பெரும்பாலும் மைகோபிளாஸ்மா இல்லன்னா கிளமிடியாங்குற பாக்டீரியா. மைகோபிளாஸ்மாவுக்கு செல் சுவரே கிடையாது, பென்சிலின் வேலை செய்யுறது அந்த சுவர் மேல, அதனால மாட்டுக்கு கேட்ட பென்சிலின் ஆட்டுக்கு கேக்காது. டெட்ராசைக்ளின் வகை ரெண்டுக்கும் கேக்கும். கண் நோயோட ஆட்டுக்கு கரு கலைஞ்சுதுன்னா கிளமிடியா சந்தேகம் வேணும், அந்த நஞ்சுக்கொடிய வெறும் கையால தொடாதீங்க, வீட்ல கர்ப்பிணிங்க இருந்தா அவங்க பட்டி பக்கமே போக வேணாம்.

புழு

ரெண்டு வகை, கொழப்பிக்காதீங்க. தெலாசியாங்குறது ஈ மூலமா வர்றது, கண்ணுக்கு வெளிய, மூணாவது இமைக்கு பின்னாடி நெளியும். மரப்பு டிராப்ஸ் விட்டு ஃபோர்செப்ஸ்ல (சின்ன இடுக்கி) எடுத்துட்டு, கழுவி, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஐவர்மெக்டின் புழு மருந்த தோலுக்கடியில போட்டா முடிஞ்சது. செட்டாரியாங்குறது கொசு மூலமா வர்றது, கண்ணு உள்ள, கருவிழிக்கு பின்னாடி இருக்குற தண்ணியில வெள்ளை நூலு நீந்தும், குதிரைக்கும் மாட்டுக்கும் வரும். அது வெளிய வராது, ஊசியில கொன்னா செத்த புழு உள்ளயே கெடந்து அழற்சிய கெளப்பும், அதனால கருவிழி ஓரத்துல சின்னதா கீறி தண்ணியோட வெளிய எடுக்கணும். பாக்க பயமா இருந்தாலும் நேரத்தோட எடுத்தா கண்ணு தெளிஞ்சிடும்.

சதை வளந்தா

மூஞ்சி வெள்ளையா, இமை ஓரம் ரோஸ் கலரா இருக்குற மாடு, முக்கியமா ஹெச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்புல, மூணாவது இமையிலயோ கண்ணோட கருப்பும் வெள்ளையும் சேர்ற எடத்துலயோ சொரசொரன்னு சதை வளந்தா கேன்சர்னு நெனச்சே காட்டுங்க. வெயில்தான் இதுக்கு பெரிய காரணம். பட்டாணி அளவுல இருக்கும்போது மூணாவது இமையோட வெட்டி எடுத்தா பிரச்சனை தீந்துடும். எலும்பு வரைக்கும் போனப்புறம் கூட்டிட்டு வந்து ஒரு ஊசி போடுங்க டாக்டர்னா என்ன பண்றது.

மாலைக்கண்ணும் மாட்டுக்கு உண்டு. பச்சையே இல்லாம மாசக்கணக்குல வெறும் வைக்கோல்ல ஓடுற கன்னுக்கு வைட்டமின் ஏ கொறைஞ்சு சாயங்காலம் முட்டும். பெரிய மாடா இருந்தா ஊசியும் பசுந்தீவனமும் குடுத்தா தேறிடும், வளர்ற கன்னுக்கு கண் நரம்பு போற எலும்பு ஓட்டை சுருங்கி நரம்பு நசுங்கிட்டா பார்வை திரும்பாது.

நாய், பூனை

முழி வெளிய பிதுங்கிடுச்சு: சலைன்ல நனைச்ச துணிய மூடி, நாய் பெராண்டாம புடிச்சுக்கிட்டு, அப்படியே வண்டி ஏறுங்க. நீங்களே உள்ள தள்ளாதீங்க.

கோந்து பீளை, கண்ணீர் வறட்சி: சைக்ளோஸ்போரின் 0.2 சதவீத ஆயின்மென்ட் இல்லன்னா டாக்ரோலிமஸ், தினம் ரெண்டு வேளை. பலன் தெரிய வாரக்கணக்கு ஆகும், ஆயுசுக்கும் போடணும், ஒரு ட்யூப் முடிஞ்சதும் நிறுத்தி மறுபடி வர்றவங்க ரொம்ப பேர். சல்ஃபா மாத்திரை சாப்புட்ட நாய்க்கும், டிஸ்டெம்பர்ங்குற வைரஸ் நோய் வந்த நாய்க்கும் இந்த வறட்சி வரலாம்.

உள் மூலையில செவப்பா சதை உருண்டை வெளிய வந்தா அது கண்ணீர் சுரப்பி. வெட்டாதீங்க, வெட்ட சொல்றவர்கிட்ட போகாதீங்க, வெட்டுனா பின்னால வறட்சி வரும். உள்ள பை மாதிரி தெச்சு வெப்பாங்க.

சாதாரண மேலோட்ட புண்ணு ஸ்டீராய்டு இல்லாத ஆன்ட்டிபயாட்டிக் டிராப்ஸ்ல ஒரு வாரத்துக்குள்ள ஆறணும். ஆறலன்னா மருந்த மாத்திக்கிட்டே போகாம காரணத்த தேடணும்: இமை உள்பக்கம் சுருண்டு முடி குத்துதா, மூக்கு மடிப்பு முடி உரசுதா, வறட்சியா, முள்ளு ஒளிஞ்சிருக்கா. புண் உருக ஆரம்பிச்சா நாயோட சொந்த ரத்தத்துலேர்ந்து எடுத்த சீரத்த மணிக்கொரு தடவை சொட்டு விடுவாங்க, அத ஃபிரிட்ஜ்ல வெக்கணும். கழுத்துக்கு கூம்பு கட்டாம எந்த வைத்தியமும் வேலைக்கு ஆகாது.

கிளாக்கோமாவுக்கு நேரம் கிடையாது, ஒண்ணு ரெண்டு நாள்லயே பார்வை போயிடும். உண்ணி கடிச்ச நாய்க்கு கண்ணுக்குள்ள ரத்தம் கட்டுனா எர்லிக்கியாவுக்கு (உண்ணி பரப்புற கிருமி) ரத்தம் டெஸ்ட் பண்ணணும், டாக்ஸிசைக்ளின் 28 நாள் முழுசா குடுக்கணும், கண்ணுக்கு மட்டும் வைத்தியம் பாத்தா பத்தாது.

பூனைக்கு ரெண்டு விஷயம். தும்மலோட கண்ணு செவந்தா பெரும்பாலும் ஹெர்ப்பஸ் வைரஸ், ஸ்டீராய்டு அதுக்கு விருந்து. வயசான பூனைக்கு திடீர்னு கண்ணு போனா ரத்த அழுத்தம் பாருங்க. அப்புறம் என்ரோஃப்ளாக்ஸசின் ஊசி அளவு மீறுனா பூனைக்கு விழித்திரையே போகும், கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டக்கூடாது.

நாட்டு வைத்தியம் பத்தி

உப்ப மென்னு கண்ணுல துப்புறது, புகையிலை சாறு, சுண்ணாம்பு, எருக்கம்பால் இதெல்லாம் இன்னும் நடக்குது. பெரியவங்கள கொறை சொல்லல, அவங்க காலத்துல வேற வழி இல்ல. ஆனா சுண்ணாம்பு கருவிழிய உள்ள வரைக்கும் வேக வெக்கும், எருக்கம்பாலும் உள்ள எறங்கி கருவிழிய கெடுக்கும். யாராவது ஏற்கனவே போட்டுட்டாங்கன்னா சண்டை போட்டு நேரத்த வீணாக்காம முதல்ல சலைனோ சுத்தமான தண்ணியோ அரை மணி நேரம் விடாம ஊத்தி கழுவுங்க.

மருந்து போடுறப்ப

டிராப்ஸ் முதல்ல, ஆயின்மென்ட் கடைசியில. ரெண்டு டிராப்ஸுக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் விடுங்க. பின்னாடி பக்கமா இருந்து மேலேர்ந்து விட்டா நாய் அவ்வளவா ஒதறாது. பாட்டில் மூக்கு கண்ணுல படக்கூடாது. ஓட்டை விழுந்த கண்ணுக்கு ஆயின்மென்ட் வேணாம். திறந்த பாட்டில் ஒரு மாசத்துக்கு மேல வெச்சுக்காதீங்க, போன வருஷ பாட்டில தூக்கி போட்டுடுங்க. தினமும் அதே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஆறுதா பரவுதான்னு டாக்டருக்கு சொல்ல அதுதான் சாட்சி.

கிராமத்துல மாட்ட ஏத்திட்டு போக வழியில்லன்னா 1962க்கு போன் பண்ணா நடமாடும் கால்நடை வண்டி வரும். பெரிய ஆபரேஷன்னா சென்னை வேப்பேரி மெட்ராஸ் வெட்னரி காலேஜ், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி காலேஜ் ஆஸ்பத்திரிகள கேட்டு பாருங்க.

எல்லாம் பண்ணியும் பார்வை இல்லாம தீராத வலியோட ஒரு கண்ணு மிஞ்சிடுச்சுன்னா எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லுவார், வீட்ல எல்லாரும் அழுவாங்க. ஆனா தினம் வலியோட இருக்குறத விட அது மேல். பத்து பதினாலு நாள்ல தையல் பிரிப்பாங்க, ஒத்தக்கண்ணு மாடு மேயும், கறக்கும், சினை புடிக்கும். கண்ணு இல்லாத பக்கமா போகும்போது மட்டும் முன்னாடியே குரல் குடுத்துட்டு போங்க, இல்லன்னா மெரண்டு உதைக்கும்.